விளக்கு விளையாட்டும் விளைந்த கல்வியும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இம்மேடையில் ஆண்டுதோறும் புலவர் பெருமக்களும் பேராசிரியர்களும் நின்று இலக்கியம் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கின்றோம். இவ்வாண்டோ, காலை முதல் மாலை வரை விடுப்புக் கணக்கும் சம்பளப் பட்டியலும் எழுதும் ரயில்வே குமாஸ்தா ஒருவரைப் பேசுமாறு பணித்துவிட்டீர்கள். மெட்ரிகுலேஷனுக்கு மேல் படித்தவர்கள் அல்லோம். ஆதலின் இலக்கியத்தை எங்களிடம் எதிர்பாராதீர்கள். இம்மண்டபத்தின் பின்புறம், நூலக அறையின் வாயிலில், விளக்குகள் மினுங்க ஒரு மரப்பெட்டி நிற்கின்றதே, அதனைப் பற்றியே பேசப் போகின்றோம்.

சென்ற பொங்கல் விழாவன்று அப்பெட்டியை முதன்முறையாக இங்கே கொணர்ந்து வைத்தோம். பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள். அப்போது நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர், நாங்கள் மாமா என்று அழைக்கும் பெரியவர், எங்களைத் தனியே அழைத்து, "ஏனப்பா, இது மேல்நாட்டுச் சூதாட்டப் பெட்டி அன்றோ? இதைச் சங்கத்தில் வைக்கலாமா? இதனால் பிள்ளைகள் கற்கப் போவதுதான் என்ன?" என்று வினவினார். அன்று எங்களுக்கு விடை சொல்ல நா எழவில்லை. அவ்விரு வினாக்களுக்கும் இன்று இச்சபையில் விடை கூற முயல்கின்றோம்.

முதல் வினா, இது சூதா என்பது.

ஆணிகள் அடித்த சாய்வான பலகையில், வில்லால் குண்டைத் தெறித்து, எண் எழுதிய குழிகளில் விழச் செய்யும் 'பாகடெல்' பலகையை நம்முள் பலர் சிறு வயதில் ஆடியிருப்போம். அஃது பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் பிறந்த ஆட்டம். அமெரிக்காவிலுள்ள சின்சினாட்டி நகரில் குடியேறிய மான்டேகு ரெட்கிரேவ் என்னும் ஆங்கிலேயர், 1871ஆம் ஆண்டில் அதற்குச் சுருள்வில் உந்துகோலைப் பொருத்திக் காப்புரிமை பெற்றார். 1931இல் சிகாகோவில் டேவிட் காட்லீப் என்பவர் 'பாஃபிள் பால்' என்னும் பெட்டியை வெளியிட்டார். பொருளாதார மந்தத்தால் வேலையிழந்து திரிந்த மக்கள் ஒரு சென்ட் நாணயத்தைப் போட்டுச் சற்றே கவலை மறந்தனர். இதுவே பின்பால் எனப்படும் ஆட்டம் பரவிய வரலாறு.

அக்காலப் பெட்டிகளில் குண்டு புறப்பட்ட பின் ஆடுபவர் செய்யக்கூடியது யாதொன்றும் இல்லை. பெட்டியைச் சற்றே தட்டலாம், அவ்வளவே. ஆதலின் அது பெரிதும் அதிர்ஷ்ட ஆட்டமாகவே இருந்தது. 1942ஆம் ஆண்டில் நியூயார்க் நகர மேயர் லா கார்டியா இவ்வாட்டத்தைத் தடை செய்தார். கைப்பற்றிய பெட்டிகளைச் சம்மட்டி கொண்டு உடைப்பித்தார். நம் மாமாவுக்கு எழுந்த ஐயமே அம்மேயருக்கும் எழுந்தது என்பதைக் காண்க!

ஆனால் 1947இல் காட்லீப் கம்பெனியார் 'ஹம்ப்டி டம்ப்டி' என்னும் பெட்டியில் ஒரு புதுமை செய்தனர். பொத்தானை அழுத்தினால் குண்டை எதிர்த்தடிக்கும் சிறு துடுப்புகளைப் பலகையிற் பொருத்தினர். அன்று முதல் கண்ணுக்கும் கைக்கும் வேலை வந்தது. அதிர்ஷ்டம் ஒதுங்கித் திறமை முன்வந்தது. 1976ஆம் ஆண்டில், நியூயார்க் நகர சபையார் முன்னிலையில், ரோஜர் ஷார்ப் என்னும் எழுத்தாளர் ஒரு பெட்டியை ஆடிக் காட்டினார். குண்டு எவ்வழியே இறங்கும் என்பதை முன்னரே சுட்டிக் காட்டிவிட்டு உந்துகோலை இழுத்தார். சொன்ன வழியே குண்டு இறங்கிற்று. தடையும் நீங்கிற்று.

ஆகவே மாமா அவர்களே, தங்கள் ஐயம் தவறன்று. 1947க்கு முற்பட்ட பெட்டிகளுக்கு அது முற்றும் பொருந்தும். எங்கள் பெட்டிக்குத் துடுப்பு உண்டு. காசு போடும் துளை இல்லை. அதை வைக்கப் போவதும் இல்லை.

இரண்டாவது வினாவே கடினமானது. இதனால் பிள்ளைகள் கற்பது என்ன? அதற்கு விடை கூறுமுன் எங்கள் வீட்டுச் செய்தி ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

எங்கள் தந்தையார் இதே நாகபுரியில், ரயில்வே பணியில் இருக்கும்போதே காலமானார். குடும்பத்தைக் காக்க, கருணை அடிப்படையில் அந்த வேலை எங்களுக்குக் கிடைத்தது. அத்துடன் படிப்பு நின்றது. அந்தக் குறையை எங்கள் மகன் தீர்ப்பான் என்று நம்பியிருந்தோம். அவனோ ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் தோற்றுப் போனான். அன்று நாங்கள் சொன்ன சொற்கள் கடுமையானவை. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கின்றது. ஒரு மாத காலம் தந்தையும் மகனும் முகங்கொடுத்துப் பேசவில்லை.

அந்த மௌனத்தைக் கலைத்தது ஓர் உள்ளங்கையகலப் பலகை. எதிர்க் குவார்ட்டர்ஸிலுள்ள அண்ணன் தங்கை இருவரும் எங்கள் மகனும் கூடி அதை வைத்துக்கொண்டு ஒரே ஒரு விளக்கை விட்டு விட்டு எரியச் செய்தார்கள். அதன் பெயர் ஆர்டுயினோ.

இப்பலகை பிறந்த கதையை நம்மவர் அறிதல் வேண்டும். இத்தாலி நாட்டில் இவ்ரியா என்றொரு சிற்றூர். அங்கிருந்த வடிவமைப்புக் கல்லூரி ஒன்றில், மின்னணுவியல் பயிலாத மாணவர்களும் கருவிகள் செய்து பழக எளிதான பலகை தேவைப்பட்டது. கொலம்பியா நாட்டு மாணவர் எர்னாண்டோ பர்ரகான் என்பவர் 2003இல் 'வயரிங்' என்ற பெயரில் அதற்கு அடிகோலினார். அவ்வழியைப் பின்பற்றி மாசிமோ பான்சி, டேவிட் குவார்ட்டியெல்ஸ் முதலியோர் 2005இல் ஆர்டுயினோவை உருவாக்கினர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், 1002இல், இத்தாலிக்கு அரசனான ஆர்டுயின் என்பவனது பெயரைத் தாங்கிய ஒரு மதுவிடுதி அவ்வூரில் இருந்தது. அவ்விடுதியின் பெயரே பலகைக்கும் ஆயிற்று.

அக்கல்லூரியோ மூடப்படும் நிலையில் இருந்தது. தம் உழைப்பு கல்லூரியோடு புதைந்துவிடலாகாது என்று கருதிய அவர்கள், பலகையின் வரைபடத்தையும் அதற்கான நிரலையும் உலகிற்குத் திறந்துவிட்டனர். எவரும் காணலாம், எவரும் செய்யலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கும் அவ்வாறே திறந்து தருதல் வேண்டும். இதுவே அதன் நியதி. பட்டம் உண்டா, எக்கல்லூரி என்று அப்பலகை எவரையும் கேட்பதில்லை. மெட்ரிகுலேஷனோடு நின்றுவிட்ட எங்களைப் போன்றோர்க்கு அஃது எத்துணை ஆறுதல் என்பதைச் சொல்லிப் புலப்படுத்த இயலாது.

பலகையின் ஆற்றலோ சிறிதே. 'ஊனோ' என்னும் வகையிலுள்ள நுண்கட்டுப்படுத்திச் சில்லு நொடிக்கு ஒரு கோடியே அறுபது லட்சம் முறை துடிக்கும். நிரலை வைக்க 32 கிலோபைட் இடம். வேலை செய்கையில் நினைவில் வைத்துக்கொள்ள 2,048 பைட் மட்டுமே. இன்றைய கைப்பேசிகளின் முன் இது தூசு. ஆயினும் ஒரு விளையாட்டுப் பெட்டியின் விளக்குகளை ஆள இது போதும்.

இனி எங்கள் பெட்டியின் அமைப்பைச் சொல்லுகின்றோம். 20 அங்குல அகலமும் 42 அங்குல நீளமும் உள்ள ஒட்டுப்பலகை; ஆறரைப் பாகைச் சாய்வு; 27 மில்லிமீட்டர் விட்டமும் 80 கிராம் எடையுமுள்ள எஃகுக் குண்டு. பலகையைச் சுற்றி 96 எல்.இ.டி. விளக்குகள் கொண்ட நாடா. எட்டு விளக்குகள் தாண்டினால் ஒரு நிலையம். நாகபுரி, சேவாகிராம், சந்திரபூர், பல்லார்ஷா, ராமகுண்டம், வாரங்கல், கம்மம், விஜயவாடா, ஓங்கோல், நெல்லூர், கூடூர், சென்னை எனப் பன்னிரண்டு நிலையங்கள். குண்டு இலக்கில் பட்டால் விளக்கு வண்டி அடுத்த நிலையத்திற்கு ஓடும். சென்னை அடைந்தால் விளக்குகள் எல்லாம் வண்ணம் மாறிச் சுழலும். சிறு ஒலிப்பலகையிலிருந்து ரயில் ஊதல் கேட்கும்.

முதற்பாடம் கணக்குப் பாடமாகவே வந்தது. பலகையின் ஒரு கால் பாதுகாப்பாகத் தரக்கூடிய மின்னோட்டம் 20 மில்லி ஆம்பியர். பழைய பின்பால் பெட்டிகளில் பயன்படும் 44ஆம் எண் குமிழ்விளக்கு ஒன்றுக்கே 250 மில்லி ஆம்பியர் வேண்டும். நேராக இணைத்தால் சில்லு கெடும். எனவே இடையில் டிரான்சிஸ்டர் என்னும் மின்விசையாளை நிறுத்த வேண்டும். அதிகாரி கையெழுத்திடுவார், மூட்டையைப் போர்ட்டர் தூக்குவார். அதுபோலவே இதுவும். நாங்கள் எடுத்துக்கொண்ட நாடாவிலோ ஒவ்வொரு விளக்கினுள்ளும் ஒரு சிறு சில்லு இருக்கின்றது. ஒரே கம்பி வழியே செய்தி வரும். முதல் விளக்கு தன் பங்கை எடுத்துக்கொண்டு எஞ்சியதை அடுத்ததற்கு அனுப்பும். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகள். ஆக 1,67,77,216 வண்ணங்கள்!

ஓர் இரவு எங்கள் மகன் தாளொன்றை எடுத்துவந்து எங்கள் முன் வைத்தான். "அப்பா, எல்லா விளக்கும் வெள்ளையாக முழு ஒளியில் எரிந்தால் ஒவ்வொன்றுக்கும் 60 மில்லி ஆம்பியர். 96ஆல் பெருக்கினால் 5,760. கணினியின் துளையில் கிடைப்பது 500தான். தனி மின்வழங்கி வேண்டும்" என்றான். கணக்கில் தோற்றவன் போட்ட கணக்கு அது. நாங்கள் அலுவலகக் கணக்கைச் சரிபார்ப்பதுபோல் இருமுறை சரிபார்த்தோம். பிழையில்லை. ஒரு மாத மௌனம் அன்றுதான் கலைந்தது.

இரண்டாம் பாடம் தூரத்தைப் பற்றியது. தனி மின்வழங்கி வந்த பின்பும் ஒரு குறை கண்டோம். நாகபுரி விளக்கு பால்போல் வெண்மையாக எரிந்தது. சென்னை விளக்கோ மங்கி மஞ்சளித்துக் கிடந்தது. நாடாவின் செம்புப் பாதை மெல்லியது. நெடுந்தூரம் ஓடும்போது 5 வோல்ட் வழியிலேயே தேய்ந்துவிடுகின்றது. மின்னழுத்தம் குறைந்தால் முதலில் நீலமே சோர்ந்து போகும். எஞ்சிய நிறங்கள் கூடி மஞ்சளாகத் தோன்றும். இரு முனைகளிலிருந்தும் மின்சாரம் கொடுத்ததும் சென்னையும் வெண்மையாக எரிந்தது. எங்கள் அன்னையார் நாற்காலியில் அமர்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கால் நோவால் அவர் ஊர் சென்று பல ஆண்டுகள் ஆயின. "பட்டணம் இப்போதுதானடா கண்ணுக்குத் தெரிகிறது" என்றார்.

மூன்றாம் பாடம் காத்திருத்தலைப் பற்றியது. விளக்கை ஏற்று, அரை நொடி சும்மா இரு, அணை என்று முதலில் நிரல் எழுதினார்கள். அந்த அரை நொடியில் குண்டு இலக்கில் பட்டாலும் சில்லுக்குத் தெரியவில்லை. அது கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தது. அப்போது நாங்கள் சொன்னோம்: "கேபின்மேன் ஒரு வண்டிக்காகக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாரா? அடிக்கடி கடிகாரத்தைப் பார்ப்பார். இடையில் மற்ற வேலைகளையும் கவனிப்பார்." அவ்வாறே, சும்மா இருத்தலை நீக்கி, கடிகாரத்தைப் பார்த்து நேரம் வந்ததும் செய்யும்படி நிரலைத் திருத்தினார்கள். ஆயினும் 96 விளக்குகளுக்கும் செய்தி அனுப்பக் கிட்டத்தட்ட 3 மில்லி நொடி ஆகும். அதற்குள் சில்லு வேறெதையும் கவனிப்பதில்லை. விரைந்த குண்டு அந்த இடைவெளியிலும் தப்பியது. எனவே குண்டைக் கவனிக்க ஒரு பலகை, விளக்கை ஆள மற்றொரு பலகை எனப் பிரித்தோம். முதற்பலகை ஓர் எழுத்தை மட்டும் அனுப்பும். இரண்டாவது அதற்குரிய ஒளியாட்டத்தை நடத்தும்.

நான்காம் பாடத்தைச் சொல்லும்போது எங்கள் குரல் தாழ்கின்றது. குண்டை உதைத்துத் தள்ளும் மின்காந்தச் சுருள் ஒன்றைப் பொருத்தியிருந்தோம். ஒரு நாள் மின்சாரத்தைக் கொடுத்ததும் சுருள் இழுத்தது இழுத்தபடியே நின்றுவிட்டது. நாங்கள் கவனிப்பதற்குள் கருகும் நாற்றம் எழுந்தது. எதிர்வீட்டுப் பெண் குழந்தை அதைத் தொட்டுவிட்டாள். விரலில் கொப்புளம் கண்டது. சிறு காயமே எனினும், அவள் தாயார் முன் நாங்கள் தலைகுனிந்து நின்றோம். குற்றம் எங்களுடையதே.

காரணத்தைத் தேடினோம். பலகை விழித்தெழும் நேரத்தில் அதன் கால்கள் 'ஆம்' என்றும் சொல்வதில்லை. 'இல்லை' என்றும் சொல்வதில்லை. அந்த இரண்டுங்கெட்டான் நிலையில் மின்விசையாள் தானே திறந்துகொள்ளக் கூடும். மருந்து மிக எளியது. விசையாளின் வாயிலிலிருந்து தரைக்கம்பிக்குப் பத்தாயிரம் ஓம் தடை ஒன்றை இணைத்தால், கட்டளை வராதவரை அது மூடியே இருக்கும். சில காசு விலையுள்ள பொருள்!

ரயில்வேயில் பணிசெய்யும் நாம் இதை முன்னரே எண்ணியிருத்தல் வேண்டாவா? கைகாட்டி மரத்தின் கம்பி அறுந்தால், எதிர் எடையின் பாரத்தால் கை தானே 'நில்' என்னும் நிலைக்குத் திரும்பும். பழுதுபட்டால் பாதுகாப்பான பக்கம் சாய வேண்டும் என்பதே நம் தொழிலின் வேதம். அதை நம் கைப்பெட்டியில் மறந்தோம். இப்போது சுருளுக்கு ஃபியூஸ் உண்டு. சுருள் விடும்போது எழும் மின்னுதையைத் தாங்க டயோடு உண்டு. நிரலிலும் கால வரம்பு உண்டு. சுருளுள்ள பகுதியைப் பெரியவர் ஒருவர் இல்லாமல் திறப்பதில்லை என்பதும் விதி.

ஐந்தாவது பாடம் ஒன்று உண்டு. அதை நாங்கள் திட்டமிட்டுக் கற்பிக்கவில்லை.

நிலையங்களின் பெயர்களை எங்கள் இல்லத்தரசியார் பலகையில் தமிழில் எழுதினார். கம்பிகளுக்குக் கட்டிய சீட்டுகளும் குறிப்பேடும் தமிழில். ஏனெனில் எங்களுக்கு மனம் திறந்து எழுதவருவது அவ்வெழுத்தில்தான். ஒரு நாள் எதிர்வீட்டுச் சிறுவன் கம்பியை மாற்றி இணைத்துவிட்டான். சீட்டில் 'தரை' என்றிருந்தது. அவன் வீட்டில் தமிழ் பேசுவான். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் படிப்பான். தமிழ் எழுத்து ஒன்றும் அறியான். எங்கள் மகனும் எழுத்துக் கூட்டித் தட்டித் தடவியே படிப்பான். அன்றிரவே மூவரும் எங்கள் அன்னையாரிடம் சென்று, "பாட்டி, இந்தச் சீட்டுகளைப் படிக்கச் சொல்லிக் கொடுங்கள்" என்றனர். நாகபுரியிலிருந்து சென்னை வரை பன்னிரண்டு பெயர்கள். அவற்றிலேயே எத்தனை எழுத்துகள்! இரண்டு மாதத்தில் குறிப்பேட்டைப் படித்தார்கள். இப்போது நிரலில் இடும் விளக்கக் குறிப்புகளையும் தமிழிலேயே எழுதுகின்றார்கள். ஒற்றுப்பிழை உண்டு, பொறுத்துக்கொள்கின்றோம்.

அன்பர்களே! நாங்கள் தமிழ் எழுத்தைக் கற்றது இச்சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில், அதோ அந்த நூலக அறையில், இதே மாமா அவர்களிடம். பிள்ளைகள் வருவதில்லை என்று அவ்வகுப்பு நின்று நான்கு ஆண்டுகள் ஆயின. பிள்ளைகள்மேல் நாம் குறைகூறினோம். படிக்கக் காரணம் ஒன்று கையில் இருந்தால் அவர்கள் படிப்பார்கள் என்பதை இப்பெட்டி எங்களுக்குக் காட்டிற்று.

பெருமைக்காகச் சொல்லவில்லை; உள்ளதைச் சொல்லுகின்றோம். எங்கள் மகன் மறுதேர்வில் கணக்கில் தேறினான். நூற்றுக்கு நாற்பத்தொன்று. மேடையில் சொல்லத்தக்க எண் அன்று. ஆயினும் அந்த நாற்பத்தொன்றை அவன் எங்களிடம் மறைக்காமல், தானே வந்து காட்டினான். அதுவே எங்களுக்குப் பெரிது.

முடிவாகச் செயற்குழுவினரிடம் ஒரு விண்ணப்பம். ஞாயிற்றுக்கிழமை வகுப்பை மீண்டும் திறப்போம். ஒரு மணி நேரம் தமிழ்; ஒரு மணி நேரம் பெட்டி. நூலக அறையில் ஒரு மேசை, ஒரு சால்டரிங் கருவி, இரண்டு பலகைகள் போதும். பெட்டிப் பாடத்தை எங்களால் இயன்ற அளவு நாங்கள் பார்த்துக்கொள்கின்றோம். தமிழ்ப் பாடத்தை மாமா அவர்களே மீண்டும் ஏற்று நடத்தியருள வேண்டும். தாங்கள் கேட்ட வினாவிற்கு நாங்கள் காணும் முழு விடை இதுவே.

விழா முடிந்ததும் பெட்டியைத் திறந்து வைப்போம். குழந்தைகள் ஆடலாம், பெரியவர்களும் ஆடலாம். முதற்குண்டை மாமா அவர்கள் செலுத்த வேண்டும் என்பது பிள்ளைகளின் விருப்பம். துடுப்புகள் இருக்கின்றன, அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டியதில்லை.